நோன்பு வைத்த விருந்தாளி

பந்திக்கு அழைக்க நூர்முகமது நேரே தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் மொய்னுதீன் கூட்டத்துக்குப் பின்னால் நழுவப் பார்த்தார்.

செங்கல்பட்டு கடைத்தெருவில் குடை விற்பவர் மொய்னுதீன். தொண்டையில் புற்று வந்து, மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் கரண்டு என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சு வைத்து, 1956ஆம் வருஷத்தில் பிழைத்து எழுந்தார். உயிர் தங்கிவிட்டது, சோறுதான் இறங்க மாட்டேன் என்றது. கஞ்சியைக்கூடத் தாடையை நெஞ்சில் புதைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக விழுங்க வேண்டும். தவறினால் புரையேறி எதிரே இருப்பவர் சட்டை பாழ். நாலு பேர் ஒரே தட்டில் கைவைக்கும் விருந்துக்கு இது ஆகுமா? எந்தக் கல்யாணத்துக்கும் அவர் போவதில்லை. இதுவோ பால்ய சிநேகிதன் நூர்முகமதின் மகள் கல்யாணம். முகத்தையாவது காட்டிவிட்டு வாருங்கள் என்று மனைவி சம்சாத் பேகம் கோவளத்துக்கு பஸ் ஏற்றிவிட்டாள்.

"நான் இன்னிக்கு நோன்பு, நூரு" என்று சொல்லிவிட்டார்.

நூர்முகமது நெகிழ்ந்துபோனார். பொழுது சாய்ந்து நோன்பு திறக்காமல் போக விடமாட்டேன் என்றார். பஸ் போய்விடுமே என்றதற்கு, வண்டி கட்டித் தருவதாகச் சொன்னார். அதோடு விட்டாரா? இன்னொரு நோன்பாளியும் இருக்கிறார் என்று சதுரங்கப்பட்டினத்து அப்துல் சுபஹானிடம் கொண்டுபோய் உட்கார வைத்தார். வெண்தாடி, மூடிய கண், பேசாத வாய். அவர் பக்கத்தில் பொய்யோடு உட்காரவே மொய்னுதீனுக்குக் கூசியது.

சவுக்கு நிழலில், கடலைப் பார்த்தபடி பொழுது நகராமல் கிடந்தது. கட்டுமரங்கள் வெயிலில் கரைந்து வானத்தில் ஏறிப் போவதுபோலத் தெரிந்தன. பிரியாணி வாசனை அலையோடு போய் அலையோடு திரும்பி வந்தது. கரண்டு பட்ட வாய் காய்ந்து, நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கை கால் கழுவி வருகிறேன் என்று கிணற்றடிக்கு எழுந்தார். பெரியவரும் கூடவே எழுந்து வந்தார். ஒருவர் முன் ஒருவர் முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு திரும்பினார்கள். கண்ணயர்ந்தபோது, கடல் முழுக்கக் கஞ்சியாகி, ஊரே கரையில் உட்கார்ந்து தன் வாயைப் பார்ப்பதுபோல மொய்னுதீனுக்குக் கனவு வந்தது.

பொழுது சாய்ந்தது. கஞ்சி மட்டும் போதும், நேர்த்திக்கடன் என்று மொய்னுதீன் புளுகியதில் நூர்முகமதுக்கு மரியாதை இன்னும் கூடிவிட்டது. கூட்டத்தின் நடுவே பாய் விரித்து, இரண்டு பேருக்கும் ஒரே தட்டில் கஞ்சி வைத்தார். சுற்றிலும் சம்பந்தி வீட்டார்.

இனி தப்ப வழியில்லை. மொய்னுதீன் தாடையை நெஞ்சில் புதைத்து ஒரு மடக்கு விழுங்கினார். பக்தி என்று நினைத்து நாலைந்து பேர் தலை குனிந்தார்கள். இரண்டாம் மடக்கில் புரையேறிவிட்டது. தட்டில், பெரியவர் தாடியில், எங்கும் கஞ்சி.

அப்துல் சுபஹான் தாடியைத் துடைத்தார். பிறகு தானும் தாடையை நெஞ்சில் புதைத்து, மெல்ல விழுங்கிவிட்டு, கரகரத்த குரலில் காதோரம் கேட்டார்:

"எனக்குப் போன வருசம் கரண்டு வெச்சாங்க பாய். உங்களுக்கு எப்போ?"