ரோஜா சீசன் முடிந்த ஞாயிறு

உலகமே காதலர் தினம் கொண்டாட வேண்டும் என்பதற்காக, பொகோட்டா நகரத்துக்கு வெளியே ஒரு பூந்தோட்டத்தில் எவரிஸ்தோவுக்கு இடுப்பு ஒடிந்தது. ரோஜா ஏற்றுமதிக் கொட்டகையில் மேற்பார்வை வேலை. ஜனவரி பிறந்துவிட்டால் விமானம் விமானமாகப் பெட்டி போகும். அவர் வீட்டுக்கு வருவது சட்டை மாற்ற மட்டும்தான். கடைசிப் பெட்டி போன அன்று, குளிர்அறைக் கதவைச் சாத்திவிட்டு ஒரு சபதம் செய்தார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவருக்கே அவருக்கு. காலையில் சைக்கிள், நடுவில் ஒரு துப்பறியும் நாவல், சாயங்காலம் தவறவிட்ட டிவி தொடர் மொத்தமும்.

இதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மனைவி நோரா முந்திக்கொண்டாள். அவள் அம்மா வீட்டுக் கூடத்துக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டுமாம். வாளி, பிரஷ் எல்லாம் தயார். ஞாயிறுதான் தோதாம்.

எவரிஸ்தோ லேசுப்பட்டவரா?

"ஞாயித்துக்கிழமை ரோட்டை சைக்கிளுக்கு விட்டுடுவாங்களே நோரா. ரெண்டு மணி வரைக்கும் காரை எப்படி எடுக்கறது?"

"ரெண்டு மணிக்கு மேல போலாம்."

"அதுக்குள்ள மழை பிடிச்சுக்கும். ஈரத்துல பெயிண்ட் காயாது. அத்தைக்குத்தான் கஷ்டம்."

மாமியார் மேல் அவருக்கு இத்தனை கரிசனம் வந்தது கல்யாணமான நாளிலிருந்து இதுதான் முதல் தடவை. நோரா அவரை ஒரு பார்வை பார்த்தாள். "அதுவும் சரிதான். பாவம், நீங்க ரெஸ்ட் எடுங்க" என்றாள்.

இவ்வளவு சுலபமாக ஜெயித்தால் மனுஷன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமோ? யோசிக்கவில்லை. தூக்கம் கெட்ட மூளை.

அன்று முதல் நோரா பழங்கதை பேச ஆரம்பித்தாள். அந்த ஊர் வழக்கப்படி சூடான சாக்லேட் பானத்தில் பாலாடைக்கட்டியைப் பிய்த்துப் போட்டபடி, கல்யாணத்துக்கு முந்தைய ஞாயிறுகளைப் பேசினாள். செப்திமா சாலையின் வடக்குக் கோடி, அங்கே பெரியவர் தொன் அபெலார்தோவின் பழக்கடை, ஒரே டம்ளர் பழக்கலவையை இருவரும் பங்குபோட்டுத் தின்றது, எல்லாவற்றையும் பேசினாள்.

"உங்க சைக்கிள் செயின் கரெக்டா எங்க தெருமுனைக்கு வந்துதான் கழண்டுக்கும். நான் நிஜம்னு நம்பினேன்."

எவரிஸ்தோவுக்கு இந்த வயதிலும் காது சிவந்தது. மறுநாளும் அதே கடை, அதே டம்ளர். அவர் சைக்கிளுக்கு அவளே காற்றடித்துக் கொடுத்தபோது, இப்படிப்பட்ட மனைவியை விட்டுவிட்டு ரோஜாப்பூவோடு குடித்தனம் நடத்தினோமே என்று அவருக்கே வெட்கமாகப் போயிற்று.

ஞாயிறு வந்தது. சாலை முழுக்கச் சைக்கிள். கூடையில் நாயை உட்காரவைத்து மிதிப்பவர்கள், தொப்பை பிதுங்கும் பந்தய உடையில் தாத்தாக்கள். எவரிஸ்தோ ஒரு பூங்கா பெஞ்சில் உட்கார்ந்து நாவலைப் பிரித்தார். முதல் பக்கத்திலேயே கொலை விழுந்துவிட்டது. யார் செத்தது என்று மூன்று தடவை படித்தும் மனதில் ஏறவில்லை. மனம் பழக்கடையில் இருந்தது. அந்த நாட்கள் போயே போய்விட்டன என்று நினைத்ததும் அவருக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. புத்தகத்தை மூடிவிட்டு வடக்கே மிதித்தார்.

தொன் அபெலார்தோ இப்போது இல்லை. கல்லாவில் அவர் மகள். ஆனால் அதே மர மேசை. அதன் முன்னால், ஒரு டம்ளர், இரண்டு ஸ்பூனுடன் நோரா உட்கார்ந்திருந்தாள். பக்கத்துத் தெரு பஸ்ஸில் வந்தாளாம்.

எவரிஸ்தோ உருகிப்போனார். பப்பாளி, மாம்பழம், தர்ப்பூசணி எல்லாம் பழைய ருசியே ருசி. கடைசித் துண்டை அவள் அவருக்கே விட்டுக்கொடுத்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதுக்கு நான் என்ன வேணாலும் செய்வேன் நோரா. ஆமா, நான் இங்கதான் வருவேன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை நாளா நான் வேற எதைப் பத்தியாவது பேசினேனா?" என்று எழுந்தாள் நோரா. "வாங்க. அம்மா வீடு அடுத்த தெருதானே, கார் எதுக்கு?"

எவரிஸ்தோ வானத்தைப் பார்த்தார். மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தது. "மழை வருதே... காயாதே" என்றார், ஈனக்குரலில்.

"மெதுவாக் காயட்டும். சமையலறைக்கு அடிக்க அடுத்த ஞாயித்துக்கிழமைதானே வரப்போறீங்க."