வெறுங்காலோடு கப்பலேறிய கதை

ஒரு சொல்லின் பூர்வீகம் தெரிந்தவனுக்கு அந்த வேலையும் தெரிந்திருக்கும் என்று நம்பக் கூடாது. இதை நான் திருகோணமலைத் துறைமுகத்தில், உச்சி வெயிலில், உள்ளங்காலால் படித்தேன்.

கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் அப்போது எனக்குத் தற்காலிக வேலை. அது நிரந்தரமானால்தான் பெண் தருவோம் என்று பெண் வீட்டார் சொல்லியிருந்தார்கள். (நியாயமான ஆட்கள்.) ஒருநாள் மனேஜர் ஒரு கடதாசிக் கட்டைத் தந்தார்.

"தம்பி, வெளியில நங்கூரம் போட்டிருக்கிற கப்பலுக்குப் போய், கப்டனிட்டக் கையெழுத்து வாங்கிக்கொண்டு வாரும். இது சரிவந்தால் உம்மட நிரந்தரக் கடிதத்தை எழுதிப்போடுறன்."

படகோட்டி, கிண்ணியா ஊர்க்காரர் அன்சார் நானா. படகில் உட்கார்ந்ததுமே அவருக்கு வகுப்பெடுக்கத் தொடங்கினேன்.

"நானா, கப்பல் ஏறுறதை இங்கிலீசில 'எம்பார்க்' எண்டு ஏன் சொல்லுறாங்கள் தெரியுமோ? 'பார்க்' எண்டால் பாய்க்கப்பல். 'எம்' எண்டால் உள்ளுக்கு. பிரெஞ்சுக்காரரிட்ட வாங்கின சொல். அதுக்கு முதல் லத்தீனில 'பார்க்கா'. போர்த்துக்கீசரும் 'எம்பார்க்கார்' எண்டுதான் சொல்லுறவங்கள். இந்தத் துறைமுகத்துக்கு அவங்கள் வரேக்க அந்தச் சொல்லும் வந்திருக்கும்!"

"ஓம் சேர். கதை பொறவு. அலை தூக்கக்குள்ள ஏணியப் புடிங்க. இறங்கக்குள்ள புடிச்சா காலு நசுங்கும்."

அலை தூக்கியது, பிடித்தேன். கயிற்றேணியில் பாதி ஏறியபோது கீழிருந்து நானா கத்தினார்.

"சேர்! சப்பாத்து!"

நான் குச்சவெளி மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. செருப்புக் காலோடு வள்ளத்தில் ஏறினால் மீன் படாது என்று கேட்டு வளர்ந்தவன். படகில் ஏறும்போதே, என்னைக் கேட்காமல், கால்கள் புதுச் சப்பாத்தைக் கழற்றிவிட்டிருந்தன. இப்போது அது படகில் போய்க்கொண்டிருந்தது.

மேலே தளம் முழுக்க இரும்பு. கால் வைத்தேன். ஐயோ, தோசைக்கல்! நான் ஆடிய ஆட்டத்துக்கு மாலுமிகள் கைதட்டினார்கள். கப்டன் வந்தார். என் காலைப் பார்த்தார். சப்பாத்தில்லாதவன் தளத்தில் நிற்கக் கூடாது, உடனே இறங்கு என்றார்.

இறங்கினால் கையெழுத்து இல்லை. கையெழுத்து இல்லாவிட்டால் கடிதம் இல்லை, கலியாணமும் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. லத்தீன் வரை போன வாய்க்கு, கால் எரிகிறது என்பதற்கு இங்கிலீசு வரவில்லை. ஒற்றைக்காலில் மாறி மாறி நின்றபடி வள்ளம், மீன், பெண் வீடு எல்லாவற்றையும் கையால் காட்டினேன். எது விளங்கியதோ, கப்டன் குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். சமையல்காரரின் வெள்ளைச் சப்பாத்து வந்தது. இரண்டு அளவு பெரியது. அதற்குள் நின்றுதான் கையெழுத்து வாங்கினேன்.

கடிதம் கிடைத்தது. ஆனால் அன்சார் நானாவின் வாய் அவருடைய படகை விட வேகம். கதை எனக்கு முன்னமே பெண் வீட்டுக்குப் போய்விட்டது.

கலியாணத்தன்று மண்டப வாசலில், மாப்பிள்ளைத் தோழனாக நின்ற, பெண்ணின் தம்பி என் காலைக் கழுவச் செம்போடு குனிந்தான். தண்ணீரை ஊற்றவில்லை.

"அத்தான்," என்றான், சபை முழுக்கக் கேட்க. "ஊத்தினால் புகை வருமோ?"

இன்றைக்கும் நான் வேலைவிட்டு வந்து கிணற்றடியில் கால் கழுவினால், பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்து எட்டிப் பார்க்கின்றன.