மைட்டோகாண்ட்ரியாவின் மிஸ்டு கால்

சின்னமனூர்,
14.2.2008

மதிப்பிற்குரிய சம்பந்தி நாகராஜ் அவர்களுக்கு, முத்துராமலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ள உங்கள் வீட்டில் தங்கியிருக்கும் நானும் என் மனைவி கஸ்தூரியும் சுகம். சென்னையில் நீங்களும் மாப்பிள்ளை மகிழனும் என் மகள் ஓவியாவும் சுகம்தானே? உங்கள் திராட்சைத் தோட்டமும் சுகம். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை நிதானமாகப் படிப்பீர்கள்.

கல்யாணப் பந்தியில் ஒரு கேள்வி கேட்டீர்கள். "வாத்தியாரே, செல்லுக்குச் சக்தி தயாரிக்கிறது மைட்டோகாண்ட்ரியா, உத்தரவு போடுறது உட்கருங்கிறீக. அங்கன கோளாறுன்னா இங்கன எப்படித் தெரியும்?" வாயைத் திறந்தேன், ரசம் வந்துவிட்டது. இப்போது உங்கள் தோட்டமே பதில் சொல்லிவிட்டது. போனில் சொன்னால் பாதியிலேயே பதறுவீர்கள் என்றுதான் கடிதம்.

வீட்டை உட்கரு என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ரூம்தான் மைட்டோகாண்ட்ரியா. அதற்கென்று கொஞ்சம் சொந்த டி.என்.ஏ. உண்டு, மோட்டார் ரூம் பக்கத்தில் நம்ம தோட்டக்காரர் மலைச்சாமி போட்டிருக்கும் கத்தரிப் பாத்தி மாதிரி. மற்றபடி பெரும்பாலான சாமான் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். காய் பிடிக்கும் நேரம், தண்ணீர் மட்டும் நின்றுவிடக் கூடாது என்று நீங்கள் சொல்லிப் போனீர்கள் அல்லவா? அதற்காக மலைச்சாமியோடு ஏற்பாடு செய்தேன். கரண்ட் வந்தால் ஒரு மிஸ்டு கால், கடைசிக் கொடிக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தால் இரண்டு, கோளாறு என்றால் மூன்று. மைட்டோகாண்ட்ரியா தடுமாறினாலும் இப்படித்தான், அதற்கு வெளியே, செல்லுக்குள், கால்சியம் கூடும். யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, உட்கரு புரிந்துகொள்ளும். ஆனால் செல்லுக்குள் போனை எடுக்க ஆள் கிடையாது, உங்கள் வீட்டில் கஸ்தூரி இருக்கிறாள். மணி அடித்த மறுநொடி எடுத்து, சாப்பிட்டியாப்பா, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டுச்சா என்று ஆரம்பித்துவிடுவாள். "ஆத்தா, எடுக்காதீக, நீங்க எடுத்தா எங் காசு போகுது" என்று அவர் கெஞ்சியும் பார்த்தார். கூப்பிடுற மனுசனை எப்படிய்யா அலட்சியம் பண்றது என்பது அவள் கட்சி. போனில் காசு தீர்ந்து அவர் அடிப்பதே நின்றுபோச்சு. நானோ சத்தமில்லையே, எல்லாம் நல்லாத்தான் ஓடுதாக்கும் என்று காலாட்டிக்கொண்டு பேப்பர் படித்தேன்.

மத்தியானச் சோற்றை டவுன் பஸ்ஸில் தூக்குச்சட்டியில் கொடுத்துவிடுவோம். மலைச்சாமி தோட்டத்து ஸ்டாப்பில் இறக்கிக்கொள்வார், சாயங்கால பஸ்ஸில் காலிச் சட்டி வரும். நேற்று முன்தினம் அதே பஸ் திரும்பும்போதே சட்டி வந்துவிட்டது, சோறு அப்படியே. ஸ்டாப்பில் ஆளே இல்லை என்றார் கண்டக்டர். கஸ்தூரிக்குத் தன் புளிக்குழம்பின் மேல் சந்தேகம் வந்து கண் கலங்கிவிட்டது. எனக்குத்தான் உறைத்தது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போக வேண்டிய ஒரு புரதம், வாசல் அடைத்திருந்தால் திரும்பி உட்கருவுக்கே வந்துவிடும் என்று ஒரு கருத்து உண்டு. அது வந்து நிற்பதே செய்தி. உட்கரு உடனே ரிப்பேருக்கு ஆள் அனுப்பும். நான் அடுத்த பஸ்ஸில் என்னையே அனுப்பினேன். மோட்டாரின் கம்பிச்சுருள், அதாவது காயில், எரிந்து போயிருந்தது. சொல்லக் காசில்லாத மலைச்சாமி அதை மொபெட்டில் கட்டி, கம்பத்துக்கு வைண்டிங் கடைக்குக் கொண்டுபோயிருந்தார்.

நேற்றே புதுக் காயில் கட்டி மோட்டாரை மாட்டியாச்சு. கடைசிக் கொடி வரை தண்ணீர் பாய்கிறது. ஆகவே பஸ் ஏற வேண்டாம், பிள்ளைகளோடு சந்தோஷமாக இருந்துவிட்டு வாருங்கள். மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
முத்துராமலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டும் நேரத்தில் பக்கத்துத் தோட்டத்துக் குருசாமி வந்தார். வைண்டிங் கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்டது குருசாமியின் மோட்டாராம், கழற்றிக்கொண்டு போய்விட்டார். நம்முடையதை இன்னும் பிரிக்கவே இல்லையாம். இப்போதைக்குக் குடம்தான், ஆள் பற்றாது, உடனே புறப்படுங்கள். தசைக்குத் தொடர்ந்து வேலை கொடுத்தால், சக்தி போதவில்லை என்ற செய்தி உட்கருவுக்குப் போய், மைட்டோகாண்ட்ரியாவைப் பெருக்க உத்தரவு வரும். மகிழன் வீடு மூன்றாம் மாடிதானே? பஸ் ஏறும்வரை லிப்ட்டை விட்டுவிட்டுப் படியில் ஏறி இறங்கிப் பாருங்கள், இரண்டு கையிலும் தண்ணீர்க் குடத்தோடு.