குப்பி பாய் பார்த்த கலர்

தருமபுரி ஜில்லாவிலேயே தன் ஒண்ணுக்கைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, ஜன்னலில் வரிசையாக நிறுத்தி, அதை வைத்துத் தன் ஆயுசைக் கணித்த ஒரே மனிதர் எங்கள் குப்பி பாய்தான். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத வழியில்லை.

தருமபுரியில் அவருக்குச் சொந்தமாக ஒரு சாயப்பட்டறை இருந்தது. எண்பதுகளில் நான் அங்கே நூலும் புடவையும் அலசிக் காயப்போடும் வேலை பார்த்தேன். பட்டறை ஜன்னலில் விதவிதமான சாயத் தண்ணீர் ஊற்றிய குப்பிகள் நிற்கும். வருகிறவர்கள் ஒரு குப்பியைக் காட்டி "இந்தக் கலர்" என்பார்கள். பாய் அதை வெளிச்சத்தில் ஒரு தரம் தூக்கிப் பார்ப்பார். சாயங்காலம் புடவை அதே கலரில் கொடியில் ஆடும். அளவு கிடையாது, தராசு கிடையாது. எல்லாம் கண்தான்.

அந்தக் கண்ணால் ஊருக்கு நிம்மதி இல்லை. ஒரு கல்யாண வீட்டில் கேசரியின் கலர் சரியில்லை என்று பந்தியிலிருந்து எழுந்து வந்துவிட்டார். என்னிடம் ஒரு பச்சைப் புடவை உண்டு. அதைக் கட்டிக்கொண்டு போனால், "மாதம்மா, அதென்ன புள்ள பச்ச? பாசி புடிச்ச தொட்டியாட்டம் இருக்குது. நீ அந்தப் பக்கமாத் திரும்பி நின்னு அலசு" என்பார். நாள் பூராவும் சுவரைப் பார்த்துக்கொண்டே அலசுவேன்.

அப்படிப்பட்டவருக்கு ஒருநாள் ஒண்ணுக்கு சிவப்பாகப் போயிற்று. வலி ஏதும் இல்லை. பாயம்மா, அதாவது அவர் சம்சாரம், விடாப்பிடியாக அவரைப் பெங்களூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். மூத்திரப் பையில் கட்டி, புற்றுநோய் என்றார்கள். குழாய் விட்டே அதைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். இத்தனை வருஷம் கையால் அளைந்த சாயத்தூள் காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னார்களாம். ஊர் திரும்பியதும் பாய் செய்த முதல் காரியம், எங்கள் எல்லோருக்கும் ரப்பர் கையுறை வாங்கியது. அதிலும் ஒரே கலராகக் கிடைக்கவில்லை என்று கடைக்காரரோடு சண்டை.

அங்கே டாக்டரோடு நடந்த பேச்சை அவரே எங்களுக்கு நடித்துக் காட்டினார்.

"நான் கேட்டேன். டாக்டர் சார், ஒரே வார்த்த சொல்லுங்க. இது திரும்ப வருமா, வராதா? அதுக்கு அவரு சொல்றாரு. 'பாயி, ஒரே மாதிரி கட்டி ரெண்டு பேருக்கு வருது. ஒருத்தருக்கு எடுத்தா அதோட சரி. இன்னொருத்தருக்குத் திரும்பத் திரும்ப வருது. ரெண்டுக்கும் உள்ளுக்குள்ள, வித்துலயே ஏதோ வித்தியாசம் இருக்குது. அத வெளிநாட்டுல தேடிட்டு இருக்காங்க. கண்டுபுடிச்சிட்டா ஒரு சொட்டு மூத்திரத்த வெச்சே யாருக்குத் திரும்பும்னு சொல்லிப்புடலாம். இப்ப முடியாது. நீ மூணு மாசத்துக்கு ஒருக்கா வா, குழாய் விட்டுப் பாத்துக்கலாம்.'"

எங்களுக்கெல்லாம் "இப்ப முடியாது" என்பது நன்றாகக் காதில் விழுந்தது. பாய் மட்டும் அதைப் பெங்களூரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

"ஒரு சொட்டுல தெரியுமாம் மாதம்மா. கலர் பாக்கத் தெரியாதவனுங்க எல்லாம் வெளிநாட்டுல தேடுறானுங்க. எனக்கு எதுக்குக் குழாயி? ஜன்னல் இருக்குது."

மறுநாளிலிருந்து ஜன்னலின் கீழ்த்தட்டில் புதுக் குப்பிகள் முளைத்தன. விடிந்ததும் ஒன்று, வெயில் ஏறினதும் ஒன்று. காலையில் தொழுதுவிட்டு வந்தவுடன் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, "இன்னிக்குத் தெளிவு" என்று அறிவிப்பார். தொட்டி கிளறுகிற சின்னப்பையனுக்கு (பெயர்தான் சின்னப்பையன், தலை முழுக்க நரை) காலைச் சோறு இறங்காமல் போயிற்று.

மூணு மாசம் முடிந்தது. பாய் பெங்களூர் போகவில்லை. பாயம்மா பட்டறைக்கே வந்துவிட்டார்.

"நீங்களாச்சும் சொல்லுங்களேன். சின்னதா இருக்கறப்பவே பாத்தா சொரண்டிப்புடலாமாம். வுட்டா ஆழமா வேர் புடிச்சிக்குமாம். அப்பறம் மூத்திரப் பையையே எடுக்கணும், இல்ல உசுருக்கே ஆவும்னு டாக்டரு சொன்னாரு. இந்த மனுசன் குப்பிய வெச்சிக்கிட்டு ஜோசியம் பாக்குறாரு."

"ஏ, நான் பாத்துக்கிட்டுதான இருக்கறேன்?" என்றார் பாய்.

"நீங்க பாத்த லட்சணம்தான் அன்னிக்கே தெரிஞ்சிச்சே."

பாயம்மா சொன்ன அன்றைக்கு என்ன நடந்தது என்றால், காலைக் குப்பி செக்கச்செவேல் என்று இருந்தது. பாய் அப்படியே நூல் மூட்டை மேல் படுத்துவிட்டார். எங்களைச் சுற்றி நிற்கவைத்து, எந்த டின்னில் எந்தத் தூள் என்று சொல்ல ஆரம்பித்தார். சின்னப்பையன் தேம்பித் தேம்பி அழுதார். பாயம்மா ஓடிவந்து குப்பியைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"நேத்து ராத்திரி ரெண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களே, அது என்னாங்க?"

"பீட்ரூட்டு."

"பீட்ரூட்டுச் சாயம் தெரியாத சாயக்காரரு ஊருல நீங்க ஒருத்தருதான்."

பாய் எழுந்து கைலியை உதறிக் கட்டிக்கொண்டு, "வேலயப் பாருங்க, என்னா வேடிக்க" என்று எங்கள் மேல் பாய்ந்தார். அதற்குப் பிறகும் குப்பியை விடவில்லை, பெங்களூருக்கும் போகவில்லை. பீட்ரூட்டைத்தான் விட்டார்.

இந்த நிலையில்தான் காரிமங்கலத்திலிருந்து ஒரு அம்மா வந்தார். மகளுக்கு நிச்சயதார்த்தம். வெள்ளைப் பட்டு ஒன்றை நல்ல கலராகப் போட்டுத் தரவேண்டும். மேல்தட்டில் இருந்த குப்பி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அய்யோ, இது நல்லா இருக்குதுங்க பாய். தேன் கலரு. எம் பொண்ணு செவப்புக்கு எடுப்பா இருக்கும்."

சின்னப்பையன் தொட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டார். நான் அன்று யாரும் சொல்லாமலே சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன்.

"அது... அது விக்கிறதுக்கில்லீங்கம்மா" என்றார் பாய்.

"ஏனுங்க, வேற யாராச்சும் கேட்டிருக்காங்களா?"

"இல்ல. அது நம்ம வூட்டுக் கலரு."

"பரவால்லீங்க, நான் யாருக்கும் சொல்லமாட்டேன். வெள்ளிக்கெழம வரேங்க" என்று பட்டை வைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

வேறு ஆளாக இருந்தால் ஏதோ ஒரு மஞ்சளை ஏற்றிக் கொடுத்திருப்பார். பாயால் முடியாது. கேட்ட கலரைக் கொடுக்காமல் அனுப்பியது அவர் பட்டறையில் நடந்ததே இல்லை. முதலில் ஒரு வெள்ளைத் துண்டில் ஏற்றிப் பார்த்தார். காய்ந்ததும் குப்பிக்குப் பக்கத்தில் பிடித்தார். சேரவில்லை. கொஞ்சம் பழுப்பு கூட்டினார். அது காய்வதற்குள் வெயில் பட்டுக் குப்பியின் கலர் மாறியிருந்தது. அன்றைய குப்பியை விட்டு மறுநாள் குப்பியை எடுத்தார். அது வேறு கலர். வெயிலில் நின்று வேர்த்த நாளில் ஒன்று, மோர் குடித்த நாளில் ஒன்று. கொடி முழுக்கத் துண்டுகள் தொங்கின. ஒன்றுகூட ஒத்துப்போகவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பாய் ஜன்னல் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். கொடியைப் பார்த்தார், குப்பிகளைப் பார்த்தார்.

"மாதம்மா, இது நிக்கவே மாட்டேங்குது புள்ள."

"எதுங்க பாய்?"

"இந்தக் கலரு. ஒரு துணியில ஏத்தறதுக்கே புடிபடல. இத வெச்சிக்கிட்டு எனக்கு வருமா வராதான்னு நான் எப்பிடிப் பாக்கறது?"

நான் அலசின நூலையே மறுபடி அலசினேன்.

அவர் எழுந்து கீழ்த்தட்டுக் குப்பிகளை ஒவ்வொன்றாகச் சாக்கடையில் கவிழ்த்தார். அந்த அம்மாவின் பட்டுக்குத் தன் மனசுக்குப் பிடித்த தேன் கலரை ஏற்றி, "கேட்ட கலரு வரலன்னு சொல்லிப்புடு" என்று சின்னப்பையனிடம் ஒப்படைத்தார். வெள்ளிக்கிழமை விடியற்காலை பாயம்மாவோடு பெங்களூர் பஸ் ஏறினார். காரிமங்கலத்து அம்மா வந்து பார்த்துவிட்டு, "குப்பியில இருந்தத விட நல்லா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். சின்னப்பையன் "ஆமாங்க, ரொம்ப நல்லா இருக்குதுங்க" என்று இரண்டு தரம் சொன்னார்.

பாய் திரும்பி வந்தபோது நாங்கள் வேலை செய்வதுபோல் நின்றுகொண்டிருந்தோம். அவர் முகத்தைப் பார்த்து எதுவும் தெரியவில்லை. பாயம்மாதான் சொன்னார்.

"ஒண்ணு மொளச்சிருந்துச்சு. கடுகாட்டம். சொரண்டிட்டாங்க. இன்னும் கொஞ்ச நாள் வுட்டிருந்தா கஷ்டம்னாரு டாக்டரு."

"அன்னிக்குக் குப்பி எவ்வளவு தெளிவு தெரியுமா" என்றார் பாய், தனக்குத்தானே. பிறகு என் பக்கம் திரும்பி, "டாக்டரு கோட்டு வெள்ளையே இல்ல புள்ள. நீலம் ஜாஸ்தி. சொல்லிட்டுதான் வந்தேன்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் ஒரு முறைகூடத் தவறவில்லை. மூணு மாசம் ஆறு மாசமாயிற்று, பிறகு வருஷத்துக்கு ஒருமுறையாயிற்று. அவருக்குப் பேரப்பிள்ளைகள் பிறந்து, அவர்கள் சட்டைக் கலரையும் குறை சொல்லும் அளவுக்கு நன்றாக இருந்தார். அன்று டாக்டர் சொன்னதுபோல், கட்டி யாருக்குத் திரும்பும் என்று முன்கூட்டிச் சொல்லும் சோதனைகள் இப்போது வந்துகொண்டிருப்பதாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். எங்கள் காலத்தில் அதெல்லாம் இல்லை. போய்ப் பார்த்துவிட்டு வரும்வரை யாருக்கும் தெரியாது.

அதனால் பாய் பெங்களூர் போகிற நாட்களில், அவர் பஸ்ஸை விட்டு இறங்கும்வரை நாங்கள் வெளிர் நிறம் எதையும் தொட்டியில் போடமாட்டோம். வெளிர் நிறத்தில் தூள் ஒரு சிட்டிகை கூடினாலும் தெரிந்துவிடும், அன்றைக்கு எங்கள் கண்ணெல்லாம் பஸ் வரும் பக்கம்தான் இருக்கும்.