ரெண்டு ரெண்டாய்த் தட்டும் இஞ்சின்

“இன்னைக்கும் தட்டுதுங்க,” என்றாள் மனைவி.

கண்ணாடியாருக்கும் கேட்டது. சாவியைத் திருப்பி, இஞ்சின் ஒரு தரம் இருமி, பின்னால் எடுக்கக் கியரைப் போட்டதும் முன்பக்கத்திலிருந்து டக் டக், டக் டக் என்று ஆரம்பித்துவிட்டது. தெருமுனை திரும்பினால் சத்தம் இருக்காது. அதற்குள் இஞ்சின் சூடாகிவிடும் என்பது அவர் கணக்கு.

கடை வைத்துக் கண் பரிசோதித்துக் கண்ணாடி போட்டுவிடுகிறவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். கடை, வீடு, வங்கி எல்லா இடத்திலும் கண்ணாடியார்தான். எழுத்துப் பலகையில் கடைசி வரியை மற்றவர்களை வாசிக்க வைத்தே பாதி ஆயுள் போனவர். கார் மட்டும் புதிது. அதாவது அவருக்குப் புதிது. ஏற்கெனவே ஒருவர் ஆண்டு அனுபவித்த வண்டி.

அதை வாங்கும்போதே மச்சான் வேண்டாம் என்று சொன்னார். மனைவியின் அண்ணன் அவர். எதையும் வேண்டாம் என்று சொல்லிவைத்துவிட்டால் பிற்காலத்தில் உதவும் என்பது அவருடைய கொள்கை. இப்போது உதவியது. மனைவிக்கு நிறைமாதம். இந்தச் சத்தம் நிற்காவிட்டால் வலி வந்ததும் அண்ணன் வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போவேன் என்று அவள் சொல்லிவிட்டாள். முதல் பிள்ளை மச்சான் வண்டியில் பயணம் செய்து பிறந்தால், அந்தப் பேச்சைப் பிள்ளையின் கல்யாணம் வரைக்கும் கேட்டாக வேண்டும். 

அவர் வீடு கீழ்த்தளம். வீட்டை ஒட்டித் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை, அதில் வண்டி. இரண்டு பக்கமும் ஆளுயரச் சுவர். பின்னால் எடுத்தால் நேரே தெரு. வருகிற வண்டி கண்ணில் படுவதற்குள் நம் வண்டியின் பாதி உடம்பு தெருவில் இருக்கும். அப்படியும் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. தன் கைப்பழக்கம் அப்படி என்று கண்ணாடியார் கடையில் சொல்லிக்கொள்வார்.

உண்மையில் அவர் வண்டியை எடுக்கும் லட்சணம் வேறு. டக் டக் என்று கேட்டுக்கொண்டிருக்கும் வரை மெல்லப் பின்னால் போவார். நடுவில் சத்தம் சட்டென்று நின்றால் இன்னும் பயம் வந்துவிடும். ஏதோ கழன்று விழுந்துவிட்டது என்று பிரேக்கை மிதித்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். திரும்பவும் டக் டக் என்று கேட்டால்தான் உயிர் வரும். பிறகு நகர்வார். நோயாளி இருமினால் கவலை, இருமாவிட்டால் அதைவிடக் கவலை.

இறங்கிப் போனட்டைத் திறந்து பார்த்தால் சத்தமே இருக்காது. டாக்டரைப் பார்த்ததும் காய்ச்சல் ஓடிப்போன பிள்ளை மாதிரி இஞ்சின் சமர்த்தாக ஓடும். போனட்டுக்குப் பக்கத்துத் தூணை ஒட்டி மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கும் இரும்புக் குழாய். அதில் காயப்போட்டிருக்கும் துணியை எடுத்து இல்லாத எண்ணெயைத் துடைத்துவிட்டு மறுபடியும் ஏறுவார். கியரைப் போட்டால் டக் டக்.

மெக்கானிக் விவரத்தைக் கேட்ட மாத்திரத்தில் சிரித்தார்.

“குளிர்ல தட்டும், சூடானா நின்னுடும். அவ்வளவுதானே சார்? எண்ணெய் ராத்திரி பூரா கீழ இறங்கிடுது. காலையில மேல ஏற நேரமாகுது. அதுவரைக்கும் வால்வைத் தள்ளுற டேப்பட் காய்ஞ்சு தட்டுது.”

இவ்வளவு தெளிவாகச் சொல்கிறவர் குணப்படுத்தியும் விடுவார் என்று கண்ணாடியார் நம்பினார். எண்ணெய் மாற்றினார்கள், வடிகட்டி மாற்றினார்கள். மறுநாள் காலை சத்தம் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது.

வண்டியை ராத்திரி பட்டறையிலேயே விடச் சொன்னார் மெக்கானிக். காலையில் பனி மூடிக் கிடந்த வண்டியை அவர் எழுப்பியபோது கண்ணாடியாரும் பக்கத்தில் நின்றார். ஊசி விழுந்தால் கேட்கும். சரியாகிவிட்டது என்று கைகுலுக்கிக்கொண்டார்கள். அடுத்த நாள் வீட்டுக் கொட்டகையில் டக் டக்.

பிறகு மெக்கானிக்கே விடிந்ததும் வீட்டுக்கு வந்தார். போனட்டைத் திறந்து வைத்து, இஞ்சினை ஓடவிட்டு, அதன் மேல் குனிந்து கண்ணை மூடிக்கொண்டு நின்றார். ஒன்றுமில்லை. அணைத்தார், போட்டார். ஒன்றுமில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டு மிகவும் மரியாதையாகக் கேட்டார்.

“சார், காதை யார்கிட்டயாவது காமிச்சீங்களா?”

மனைவிக்கும் கேட்கிறது என்றார் கண்ணாடியார்.  நிறைமாதக்காரிக்கு என்னென்னவோ கேட்கும் என்று மெக்கானிக்கின் முகம் சொல்லியது.

காது டாக்டரிடமும் போனார். டாக்டர் அவரிடம் கண்ணாடி போட்டுக்கொண்டவர் என்பதால் நன்றாகவே சோதித்தார். காதில் குறையொன்றுமில்லை, இந்த வயதில் தனக்கு இப்படிக் கேட்டால் சந்தோஷப்படுவேன் என்று சொல்லி அனுப்பினார்.

இதற்குள் விஷயம் மச்சான் காதுக்குப் போய்விட்டது. ஒரு கம்பளியோடு வந்து இறங்கினார்.

“குளிர்னால தட்டுதுன்னா குளிராம பாத்துக்கணும் மாப்பிள்ளை. இதுக்கு எதுக்குப் பட்டறை?”

ராத்திரி இரண்டு பேருமாக இஞ்சினுக்குக் கம்பளி போர்த்திப் போனட்டை மூடினார்கள். காலையில் கடைக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் கண்ணாடியார் கம்பளியை மறந்தே போனார். சாவியைத் திருப்பியதுதான் தெரியும். சிறிது நேரத்தில் அந்தச் சத்தம் வழக்கம்போல் ரெண்டு ரெண்டாக வராமல் தடதடவென்று அடித்தது. பதறி இறங்கிப் போனட்டைத் தூக்கினால் உள்ளே கம்பளி புகைந்துகொண்டிருந்தது.

மாடிப்படியில் வாளியோடு ஓடிவந்தாள் மாடி வீட்டு அக்கா. குளிர் தொடங்கியபோதுதான் குடிவந்தவள். பஸ்ஸில் வேலை பார்த்த கணவர் பக்கவாதத்தில் விழுந்து, பேச்சும் போய், படுக்கையில் இருந்தார். அவரைக் கவனிக்கவே அவளுக்கு நேரம் போதாது. ஆனாலும் எப்படித்தான் தெரிந்ததோ, வந்த வேகத்தில் முழு வாளியையும் இஞ்சின் மேல் கவிழ்த்துவிட்டாள். நெருப்பும் போனது, வண்டியும் போனது. கண்ணாடியார் அக்காவுக்கு நன்றி சொல்லிவிட்டு, நேரத்தில் சத்தம் கொடுத்து எச்சரித்த இஞ்சினையும் மனதுக்குள் பாராட்டினார்.

வண்டி காய்ந்து ஓடத் தொடங்கும் வரை மச்சான் வண்டியில்தான் கடைக்குப் போய்வந்தார். கம்பளியை எடுக்க மறந்ததைப் பற்றி வழி நெடுகப் பேச்சு. அவருடைய நல்ல கம்பளியாம்.

கடைசி முயற்சியாகச் சத்தத்தைச் செல்போனில் பதிந்து பட்டறைக்குக் கொண்டுபோனார். மெக்கானிக் காதோடு வைத்துக் கேட்டார். திரும்பவும் கேட்டார். முகத்தில் இருந்த கேலி மெல்ல இறங்கியது.

“என்னை மன்னிச்சிடுங்க சார். சத்தம் இருக்கு. ஆனா இது ரெண்டு ரெண்டா தட்டுது. நடுவுல மூச்சு வாங்குது. வேகமா முடுக்கினாலும் அதுபாட்டுக்கு அதே மாதிரி தட்டுது. எந்த இஞ்சினும் இப்படி நிதானமாத் தட்டாது.”

“அப்ப என்ன செய்யலாம்?”

“இறக்கிடுவோம். இஞ்சினைப் பிரிச்சுப் பாத்துடுவோம்.”

பிரசவம் ஆகட்டும், பிறகு பிரிக்கலாம் என்று முடிவாயிற்று. ஆனால் பிள்ளை யாரைக் கேட்டுக்கொண்டு வருகிறது? இரண்டொரு நாளில், நன்றாக விடிந்து பனி விலகாத நேரத்தில் மனைவிக்கு வலி எடுத்தது. மச்சானைக் கூப்பிட்டால் அவர் குளித்துவிட்டுத்தான் வருவேன் என்றார். வேறு வழியில்லாமல் கண்ணாடியார் கொட்டகைக்கு ஓடினார். மனைவி பின்சீட்டில் படுத்துக்கொண்டாள்.

இஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. கியரைப் போட்டார். டக் டக், டக் டக். இன்றைக்கு அவர் சத்தத்தைப் பற்றிக் கவலைப்படுவதாக இல்லை. வேகமாகவே பின்னால் எடுத்தார். வண்டியின் வால் சுவரைத் தாண்டப்போகும் நேரத்தில் சத்தம் நின்றுவிட்டது.

மனது போ என்றது. கால் பழக்கதோஷத்தில் பிரேக்கை மிதித்துவிட்டது.

பின்கண்ணாடி இருண்டது. தண்ணீர் லாரி ஒன்று கொஞ்சம்கூட வேகம் குறையாமல், வண்டிக்கு ஒரு முழம் பின்னால், தெருவை அடைத்துக்கொண்டு போயிற்று. கொட்டகைத் தகரம் அதிர்ந்தது.  பின்சீட்டில் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

“நின்னுட்டீங்களே,” என்றாள். 

டக் டக் என்றது வண்டி. கண்ணாடியார் கிளம்பினார். வழியெல்லாம் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே ஓட்டினார்.

பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். குளித்து முடித்து ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்த மச்சான், குழந்தையைப் பார்த்துவிட்டு, வண்டி பரவாயில்லை போலிருக்கிறதே என்று முதன்முதலாக ஒரு நல்ல வார்த்தை சொன்னார். கண்ணாடியாருக்கு அன்று யார் மீதும் கோபம் வரவில்லை. கண்ணில் பட்ட நர்ஸ், வாசல் காவலாளி, மருந்துக்கடைக்காரர் எல்லாருக்கும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். ராத்திரி வீட்டுக்குத் திரும்பி வண்டியை நிறுத்தியபோது போனட்டையும் ஒரு தட்டு தட்டிக்கொடுத்தார்.

மறுநாள் காலை சொன்ன சொல்படி வண்டியை எடுத்துப்போக மெக்கானிக் வந்துவிட்டார். உயிரைக் காப்பாற்றிய வண்டியின் நெஞ்சைப் பிளக்க அனுப்புவது கண்ணாடியாருக்கு நன்றி கெட்ட வேலையாகத்தான் பட்டது. ஆனால் அதில் இனி பச்சைக்குழந்தை போக வேண்டுமே. சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு, இனிப்புப் பெட்டியோடு மாடிப்படி ஏறினார். அக்காவுக்கு வாளித் தண்ணீர்க் கடன் ஒன்று பாக்கி இருந்தது.

அந்த அறைக்குள் அவர் போவது அதுதான் முதல் தடவை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு ஒரு நாளும் வந்து பார்க்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஜன்னலை ஒட்டிக் கட்டில். அதில் தலையணையில் சாய்ந்து அக்காவின் கணவர். வலது பக்கம் முழுக்க ஓய்ந்திருந்தது. கண் மட்டும் பளிச்சென்று இருந்தது. இந்தக் கண்ணுக்குக் கண்ணாடி தேவையில்லை என்று தொழில் புத்தியில் கண்ணாடியார் நினைத்தார்.

பெண் குழந்தை என்று சொல்லி இனிப்பை நீட்டினார். பெரியவரின் வாய் ஒரு பக்கமாகச் சிரித்தது. அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. லாரி வந்ததையும் தப்பியதையும் கண்ணாடியார் சொல்லத் தொடங்கியபோது, அவள் தலையாட்டினாள்.

“தெரியும் தம்பி. பாத்துட்டுத்தானே இருந்தோம். எங்களுக்கு மூச்சே நின்னுபோச்சு.”

கீழே மெக்கானிக் வண்டியை எழுப்பும் சத்தம் கேட்டது. கண்ணாடியார் பேச்சை நிறுத்தினார்.

டக் டக். டக் டக்.

சத்தம் கீழே இல்லை. அவர் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. திரும்பினார்.

பெரியவர் ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே இடது கையை நீட்டியிருந்தார். கையில் மருந்துக் கரண்டி. சுவரோடு இறங்கும் இரும்புக் குழாயில் ரெண்டு ரெண்டாகத் தட்டிக்கொண்டிருந்தார். பார்வை தெருவில். அங்கிருந்து பார்த்தால் கொட்டகை வாசலும் தெருவின் இரண்டு முனைகளும் உள்ளங்கை மாதிரி தெரிந்தன. கரண்டி நின்றது. ஒரு வேன் கடந்து போயிற்று. கரண்டி மறுபடியும் தட்டியது.

கீழேயிருந்து மெக்கானிக்கின் குரல் வந்தது. “சார், கேட்டுடுச்சு சார். வண்டி தட்டுது.”

 கண்ணாடியார் கட்டிலோரம் உட்கார்ந்து, கரண்டியோடு அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். லாரியை நினைத்தார், கம்பளியை நினைத்தார், ஆஸ்பத்திரியில் தூங்கும் மகளை நினைத்தார். அழுகை வந்தது.

அவர் ஏன் அழுகிறார் என்று அக்காவுக்குப் புரியவில்லை. தன் கண்ணையும் முந்தானையால் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

“கண்டக்டர் வேலை போச்சேன்னு சாப்பிடாம சுவத்தைப் பாத்துப் படுத்திருந்த மனுஷன் தம்பி இவரு, ரைட் குடுத்தாத்தான் நகருவேன், நிறுத்தினா நின்னுடுவேன்னு ஒருநாள் தவறாம இவரை மதிச்சு வண்டி எடுக்குறீங்களே, உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னுதான் எனக்குத் தெரியலை.”