வறுத்த கொட்டை முளைத்தது

இனி தினம் ஒரு பொய் சொல்லிச் சமாளிப்பதில்லை என்று ஏப்ரல் மாதத்தின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலையில் தொகுஜிரோ முடிவு செய்தார். இதுவரை சொன்னதெல்லாம் சில்லறைப் பொய்கள். இனிமேல் ஒரே ஒரு பொய்தான், அதுவும் ஆயுசுக்கும் தாங்குகிற பொய்.

பிரச்சினை வேறொன்றுமில்லை, நடை. ஜனவரி கடைசியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவரை ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு ஸ்டென்ட் வைத்து, பதினாறு நாள் கழித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது டாக்டர் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்தில் நின்ற அவர் மனைவி மிட்சுயேயிடம்தான் சொன்னார். தினமும் ஒரு மணி நேரம் நடக்க வேண்டும், நடந்தால் பயமில்லை, நடக்காவிட்டால் அடுத்த தடவை என்ன ஆகும் என்று சொல்ல முடியாது. முப்பத்தொன்பது வருஷம் கூடவே குடித்தனம் நடத்தியவளுக்கு அது போதும். அன்றிலிருந்து அவள் வேறு பேச்சுப் பேசவில்லை.

தொகுஜிரோ முப்பத்தெட்டு வருஷம் பஸ் ஓட்டியவர். உட்கார்ந்தபடியே உலகத்தைப் பல தடவை சுற்றிவரும் தூரம் போனவர். கால் என்று ஒன்று இருப்பதே பிரேக்கை மிதிக்கத்தான் என்று நம்பியவர். தெருவில் யாராவது நடந்து போனால், பாவம், பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார்கள் என்று இரக்கப்படுவார். அவரைப் போய் நடக்கச் சொன்னால்?

பிப்ரவரியில் இபுகி மலைக் காற்று முகத்தை அறுக்கிறது என்றார். மார்ச்சில் மலைக்காட்டு மகரந்தம் மூக்கில் ஏறுகிறது என்று படுத்துக்கொண்டார். ஏப்ரல் பிறந்ததும் செர்ரிப் பூ பார்க்க வந்த கூட்டத்தில் கிசோ ஆற்றங்கரையில் கால் வைக்க இடமில்லை என்றார். பிறகு காற்று நின்றது, மகரந்தம் அடங்கியது, பூவும் உதிர்ந்தது. மிட்சுயே புதிதாக ஒரு ஜோடி ஷூ வாங்கி, வாசலில் அதன் மூக்கு தெருவைப் பார்க்கிற மாதிரி வைத்தாள்.

பெரிய பொய்க்கு நேரம் வந்துவிட்டது.

சொபுவே ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஜின்கோ மரம்தான். கோயிலில் ஜின்கோ, வீட்டுக் கொல்லையில் ஜின்கோ, மிச்ச இடமெல்லாம் ஜின்கோத் தோப்பு. இலையுதிர் காலத்தில் பழம் விழுந்து ஊரே நாறும். நாறாவிட்டால்தான் ஊர்க்காரர்களுக்குக் கவலை. தெருக்கோடியில் தோப்பு வைத்திருக்கும் ஹத்தோரி வருஷா வருஷம் ஒரு பை கொட்டை கொடுத்தனுப்புவார். மிட்சுயே அதைக் குளிர்ப்பெட்டியில் வைத்து வசந்தம் வரைக்கும் சமையலில் போடுவாள்.

அவள் கடைக்குப் போன நேரம் பார்த்து தொகுஜிரோ அதில் ஒரு கைப்பிடி எடுத்தார். பழுப்புக் காகிதக் கவரில் போட்டு, உப்புத் தூவி, வாயை மடித்து மைக்ரோவேவில் வைத்தார். பட் பட்டென்று வெடித்தது. வெடித்ததையெல்லாம் சூடு ஆறுவதற்குள் தின்று முடித்தார். ஓடு வெடிக்காமல், பார்ப்பதற்குப் பச்சைக் கொட்டை மாதிரியே இருந்த ஒன்றை மட்டும் துடைத்துத் தனியாக வைத்துக்கொண்டார். உள்ளே அது நன்றாக வெந்து போயிருந்தது. கவரைக் குப்பையில் போட்டுவிட்டு, மண்தொட்டியோடு தாழ்வாரத்தில் போய் உட்கார்ந்தார்.

மிட்சுயே வந்து பார்த்தபோது கணவர் முழங்கை வரை மண்ணாக இருந்தார்.

“என்னங்க பண்றீங்க?”

“ஜின்கோ வளர்க்கப் போறேன். விதையிலேர்ந்து.”

“இந்த ஊர்லயா? இருக்கிற மரம் பத்தலையா?”

“அதெல்லாம் அடுத்தவன் மரம். போன உயிர் திரும்பி வந்திருக்கு எனக்கு. என் கையால ஒரு உயிரை வளர்க்கணும்னு தோணுச்சு. தப்பா?”

மிட்சுயே அவரையே பார்த்தாள். அவள் கண் கலங்கியது. தொகுஜிரோவுக்கும் கொஞ்சம் கலங்கத்தான் செய்தது. அவர் சொன்னது அவ்வளவு நன்றாக இருந்தது.

“தப்பில்ல,” என்றாள். “நடை என்னாச்சு?”

“அதுக்குத்தான் வர்றேன். இது முளைக்கிற அன்னிக்கு நானும் நடக்க ஆரம்பிச்சிடறேன். ரெண்டு பேரும் ஒண்ணா கிளம்புறோம்.”

“இப்பப் போட்டா மே கடைசியில முளைக்கும்.”

“முளைக்கட்டும்.”

“அன்னிக்கு மழை, வெயில், முட்டி வலின்னு ஒண்ணும் சொல்லக் கூடாது.”

“சொல்ல மாட்டேன்.”

“என்கிட்ட சொன்னா பத்தாது. உள்ள வந்து மாமாகிட்ட சொல்லுங்க.”

தொகுஜிரோ கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார். முன்னோர் மாடத்தில் இருந்த அப்பா படத்துக்கு ஊதுவத்தி ஏற்றி, சின்ன மணியைத் தட்டி, கண்ணை மூடிச் சத்தியம் செய்தார். அப்பாவும் நடை என்றால் காத தூரம் ஓடுகிறவர்தான், புரிந்துகொள்வார் என்று நினைத்தார்.

அடுத்த ஏழு வாரம் அவர் வாழ்க்கையிலேயே நிம்மதியான காலம். தாழ்வாரத்தில் தொட்டிக்குப் பக்கத்தில் மெத்தையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கடைக்குப் போய் வாருங்களேன் என்றால், காக்கை வந்து விதையைத் தோண்டிவிடும் என்பார். காலையில் ஒரு குவளை தண்ணீர் ஊற்றுவார். முளைத்துவிடுமோ என்ற பயம் துளியும் இல்லாமல் செடி வளர்ப்பது எவ்வளவு சுகம் என்பதை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. மதியம் சாப்பிட்டுக் கண் அசந்தால் மிட்சுயே பூனை மாதிரி வந்து நிற்பாள். அவர் சட்டையில் நெஞ்சுப் பக்கம் ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பாள். பார்த்துவிட்டு, தானும் ஒரு மூச்சை விட்டுவிட்டுப் போவாள். பாதிக் கண்ணால் இதைப் பார்த்த தொகுஜிரோவுக்கு ஒரு மாதிரி இருந்தது. எழுந்து நடந்தால்தான் என்ன என்று ஒரு தடவை யோசிக்கக்கூடச் செய்தார். யோசித்துக்கொண்டே தூங்கிவிட்டார்.

மே முடிந்தது. ஹத்தோரி தோப்பில் நாற்றெல்லாம் விரல் உயரம் வந்துவிட்டதாக ஊரில் பேச்சு. மிட்சுயே தினமும் தொட்டியைப் பார்த்தாள். தொகுஜிரோ முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, அதிர்ஷ்டம் இல்லாதவனுக்கு விதைகூட ஒத்துழைக்காது என்றார். மழைக்காலமும் தொடங்கிவிட்டது. வழக்கத்தைவிட நன்றாகத் தூங்கினார்.

ஜூன் எட்டாம் தேதி காலையில் கையில் தேநீரோடு தாழ்வாரத்துக்கு வந்தார். தொட்டியின் நடுவில் பச்சையாக ஒரு தண்டு நின்றது. அதன் தலையில் கட்டைவிரல் நகம் அளவில் இரண்டு இலை, கச்சிதமாக விசிறி வடிவத்தில்.

தொகுஜிரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இலை இரண்டுதான். கண்ணாடி இல்லாமல் பார்த்தார். அப்போதும் இருந்தது.

“முளைச்சிருச்சா?” மிட்சுயே பின்னால் நின்றாள்.

“முளைச்ச... மாதிரிதான் தெரியுது.”

“சந்தோஷமா இல்லையா உங்களுக்கு?”

“அதிசயமா இருக்கு.”

“இதுல என்னங்க அதிசயம்? விதையைப் போட்டா முளைக்கத்தானே செய்யும். நீங்க என்ன, வறுத்ததையா போட்டீங்க?”

தேநீர் அவருக்குப் புரை ஏறியது.

மாட்டிக்கொண்டார். இது நான் போட்ட கொட்டை இல்லை என்று சொல்லலாம். எப்படித் தெரியும் என்று கேட்பாள். நான் போட்டது முளைக்கவே முளைக்காது என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பாள். எந்த வழியாகப் போனாலும் கடைசி நிறுத்தம் அந்த மைக்ரோவேவ்தான். முப்பத்தெட்டு வருஷப் பஸ் அனுபவத்தில் இப்படி ஒரு முட்டுச்சந்தை அவர் பார்த்ததில்லை. இதைக் கொண்டுவந்து நட்டது இவளாகத்தான் இருக்கும். தெரிந்து செய்தாளா, விதை சொத்தை என்று நினைத்துப் பரிதாபப்பட்டுச் செய்தாளா, அதுவும் புரியவில்லை. அவள் முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. மிட்சுயே குடையை நீட்டினாள். தொகுஜிரோ நடந்தார்.

முதல் நாள் தபால்பெட்டி வரை போய், அதைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றுவிட்டுத் திரும்பினார். ஒரு வாரத்தில் கோயில், ஜூலையில் ஆற்றங்கரை. போகும்போதும் வரும்போதும் அந்த இரண்டு இலைச் செடியைத் திட்டினார். ஆனால் வந்ததும் முதல் வேலையாக அதற்குத் தண்ணீர் ஊற்றினார். ஆகஸ்டில் வெயில் கொளுத்தியபோது தன் தொப்பியைக் கழற்றி அதற்கு நிழல் கட்டியதை மிட்சுயே பார்த்தாள்.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை, ஆற்றங்கரை தாண்டி ஹத்தோரி தோப்பு வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார். ஹத்தோரி கையுறை போட்டுக்கொண்டு பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

“கன்னு நல்லா இருக்கா, தொகுஜிரோ சான்?”

“எந்தக் கன்னு?”

“என்ன இப்படிக் கேக்குறீங்க, உங்க வீட்டம்மா எடுத்துட்டுப் போனாங்களே. இருநூறு கன்னுல ஒண்ணைப் பொறுக்க ஒரு மணி நேரம். இது உசரம், அது வளைசல், இதுல இலை கூட. நேத்து முளைச்ச மாதிரி இருக்கணுமாம். கொட்டுற மழையில, அந்த இடுப்பு வலியோட, குனிஞ்சு குனிஞ்சு பாத்தாங்க. நான் கூட எதுக்கும்மான்னு கேட்டேன். வீட்ல ஒருத்தர் ஆசைப்பட்டுட்டார்னாங்க.”

தொகுஜிரோவுக்கு உடம்பெல்லாம் புது ரத்தம் பாய்ந்தது. சாட்சி கிடைத்துவிட்டது. மைக்ரோவேவ் பக்கமே போகாமல் வழக்கை ஜெயிக்கலாம். கொட்டை இருந்த இடத்தில் கன்றை வைத்தது அவள், ஆகவே சத்தியம் செல்லாது, ஜூனிலிருந்து நடந்த நடை அத்தனையும் மோசடி. வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே வீட்டுக்குப் பாய்ந்தார். வழக்கமாக அரை மணி நேரம் ஆகிற தூரத்தைப் பதினெட்டு நிமிஷத்தில் வந்து சேர்ந்தார்.

வாசல் கதவில் கை வைத்தபோதுதான் கவனித்தார். மூச்சு வாங்கவில்லை. நெஞ்சு எப்போதும்போல அமைதியாக அடித்துக்கொண்டிருந்தது. ஜனவரியில் தண்ணீர்க் குவளையைத் தூக்க முடியாமல் கிடந்த உடம்பு இது.

கதவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றார். மழையில் குனிந்து குனிந்து நாற்றுப் பார்க்கும் மிட்சுயே கண்ணுக்குள் வந்தாள். அடுக்கி வைத்த வார்த்தைகளில் ஒன்றுகூட மிச்சமில்லை. இவள் மட்டும் இல்லையென்றால் இந்நேரம் நானும் மாடத்தில் அப்பாவுக்குப் பக்கத்தில் படமாக உட்கார்ந்திருப்பேன் என்று தோன்றியது.

மிட்சுயே தாழ்வாரத்தில் உட்கார்ந்து கொட்டைகளைத் துணியில் பரப்பிக்கொண்டிருந்தாள். தொட்டியில் செடி மஞ்சளாகத் திரும்பியிருந்தது.

“மிட்சுயே.”

“ம்.”

“ரொம்ப நன்றி.”

அவள் கை நின்றது. முப்பத்தெட்டு வருஷம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கிப் போகிறவர்களுக்கு மைக்கில் நன்றி சொன்ன மனுஷர். வீட்டில் ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

“எதுக்கு?”

“கன்னுக்கு. ஹத்தோரி சொல்லிட்டார்.” தொகுஜிரோ பக்கத்தில் உட்கார்ந்தார். “நானும் ஒண்ணு சொல்லணும். நான் போட்ட கொட்டை...”

“வறுத்தது. தெரியும்.”

“எப்போ தெரியும்?”

“நீங்க விதை போட்ட வாரம் செவ்வாய்க்கிழமையே. காகிதத்தை எரிக்கிற குப்பையில போடாதீங்க, தனியா வைங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? குப்பை வண்டிக்குப் பிரிச்சு வைக்கும்போது உப்போட கவர் கையில வந்துச்சு.”

“அப்பவே கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நடந்திருப்பீங்களா?”

மிட்சுயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனுஷர் இளகி இருக்கும்போதே அடுத்ததையும் கேட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். நடை சரியாகிவிட்டது, இனி சாயங்காலம் குடிக்கிற அந்த அரிசி மது, சாகேயையும் விட்டுவிட வேண்டும் என்றாள். டாக்டர் ஒரு கிண்ணம் பரவாயில்லை என்கிறார்தான், ஆனால் அவளுக்கு அதுவும் வேண்டாம்.

நன்றி ஒரு பக்கம் இருக்கட்டும், சாகே வேறு விஷயம். தொகுஜிரோவின் மூளை பழைய வேகத்தில் ஓடியது. விதையிலிருந்து வந்த ஜின்கோ காய்க்க இருபது வருஷம் ஆகும். ஆண் மரமாக இருந்தால் காய்க்கவே காய்க்காது. இதற்கு வறுக்கக்கூட வேண்டியதில்லை.

“விட்டுடறேன்,” என்றார். “இந்தச் செடி காய்க்கிற அன்னிக்கு விட்டுடறேன். இது சத்தியம்.”

“ஆணா பெண்ணான்னு தெரியவே இருபது வருஷம் ஆகும்ல?”

“ஆகும்.”

“சரி,” என்றாள் உடனே. “அப்போ உங்களுக்கு எண்பத்தாறு. எனக்கு எண்பத்துமூணு. சத்தியம் பண்ணவர் அன்னிக்கு இங்க உட்கார்ந்திருக்கணும். நடுவுல கிளம்பலாம்னு நினைக்காதீங்க, நான் விட மாட்டேன்.”

ஒரு கிண்ணம் சாகேயைக் காப்பாற்றப் போய், இன்னும் இருபது வருஷம் நடப்பதாக ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பது தொகுஜிரோவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.