எதிரொலியை அளக்க வாங்கிய பலூன்கள்

எனக்கு வருடத்துக்கு இரண்டு பிறந்தநாள். பிப்ரவரியில் வருவது என் அம்மா உபயம். ஜூன் மாதக் கடைசி ஞாயிறன்று வருவது, டெல்லியில் ஓர் அரசுக் கட்டடத்தின் வாசலில் காவலாளிக்குப் பயந்து நானே உண்டாக்கிக்கொண்டது. (ஒரு பிறந்தநாள் எப்படி வருடா வருடம் ஞாயிற்றுக்கிழமையிலேயே வரும் என்று இதுவரை யாரும் கேட்கவில்லை.) முதலாவதை நானே மறந்த வருடங்கள் உண்டு. இரண்டாவதை மறக்க என்னை யாரும் விட்டதில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கட்டடங்களின் ஒலியமைப்பைத் திட்டமிடும் ஒரு சின்ன அலுவலகத்தில் சேர்ந்திருந்தேன். “அப்படின்னா மைக்செட் கட்டுற வேலையா?” என்று சிவகாசியில் பெரியப்பா கேட்டார். மைக்செட்டும் உண்டுதான், அது மட்டும் இல்லை. பேசுகிறவர் குரல் கடைசி வரிசை வரை தெளிவாகப் போகுமா, எந்தச் சுவரில் எதைப் பதித்தால் எதிரொலி அடங்கும், மைக் எங்கே, திரை எங்கே, அவற்றின் ஒயர்கள் எந்தச் சுவருக்குள் ஓட வேண்டும் என்றெல்லாம் செங்கல் வைப்பதற்கு முன்பே வரைந்து கொடுப்போம். கட்டி முடித்ததும் போய், சொன்னபடி வந்திருக்கிறதா என்று அளந்து பார்ப்போம்.

அளக்கும்போது கூடம் காலியாக இருக்க வேண்டும். அதாவது, ஆட்கள் வருவதற்கு முன்னால் நான் போவேன். ஆட்கள் வர ஆரம்பித்ததும் என் வேலை முடிந்துவிடும். அந்த ஊரில் எனக்கு அறிமுகமானவை பெரும்பாலும் நாற்காலிகள்.

டெல்லியில் போகல் என்ற பகுதியில் ஒரு மொட்டைமாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். வீட்டுக்கார அம்மாள் என்னிடம் பேசிய ஒரே விஷயம் தண்ணீர் மோட்டார். “மோட்டர் பந்த் கியா?” என்பார். நிறுத்திவிட்டேன் என்று தலையாட்டுவேன். அன்றைய சமூக வாழ்க்கை அத்துடன் நிறைவுபெறும். பிறகு அம்மா போனில் வருவார்.

“சாப்டியா தாயி?”

“சாப்ட்டேம்மா.”

“கூட யாரு இருக்கா?”

“ஃபிரெண்ட்ஸ் எல்லாம் இருக்காங்கம்மா.”

கூட இருந்தது ஏர்கூலர். அந்தப் பிப்ரவரியில் என் நிஜப் பிறந்தநாளுக்கு மார்க்கெட்டில் ஒரு துண்டு கேக் வாங்கி, கடை வாசலிலேயே நின்று தின்றுவிட்டு வந்தேன். அறைக்குக் கொண்டுபோனால் ஒரு துண்டு கேக்கும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருக்க வேண்டுமே என்று பயமாக இருந்தது. அன்று இரவு அழுதேன்.

காலிக் கூடங்களில் வேலை ஆரம்பிக்கும் முன், “யாராவது இருக்கீங்களா?” என்று தமிழில் ஒரு குரல் கொடுப்பேன். நல்ல கூடம் பதில் சொல்லக் கூடாது. எனக்கோ பதில் சொல்கிற கூடங்களைத்தான் பிடித்திருந்தது. (இந்த நிலைமையில் இருந்தவளை எதிரொலியை ஒழிக்கும் வேலைக்கு எடுத்தது எங்கள் முதலாளி கன்னா சார் செய்த முதல் தவறு.)

இரண்டாவது தவறு, லோதி ரோடு பக்கம் ஓர் அரசுப் பயிற்சி நிறுவனத்தில் கட்டிய புதுக் கூடத்தை அளக்க என்னைத் தனியாக அனுப்பியது. திங்கட்கிழமை திறப்பு விழா. ஞாயிறன்றுதான் கட்டடம் அமைதியாக இருக்கும். “இது சரியா வந்தா வேலை நிரந்தரம்” என்றார். வராவிட்டால் என்ன என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

வழக்கமாகப் பூசணிக்காய் அளவுக்கு ஒரு ஸ்பீக்கரை நடுவில் வைத்து இரைச்சல் எழுப்பி, அது அடங்க எத்தனை நேரம் ஆகிறது என்று அளப்போம். பூசணிக்காய் ரிப்பேருக்குப் போயிருந்தது. அதற்கு மாற்று, பெரிய பலூனை ஊதி உடைப்பது. விளையாட்டில்லை, எங்கள் தொழிலில் ஒப்புக்கொண்ட முறைதான். ஆனால் ஊரே வெடி செய்து பிழைக்கும் சிவகாசியில் பிறந்த எனக்கு, பலூன் வெடிக்கும் சத்தம் என்றால் உயிர் போய்விடும். தீபாவளியன்று பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து வளர்ந்தவள் நான். அதனால் ஒரு துடைப்பக்குச்சியின் நுனியில் ஊக்கைக் கட்டி எடுத்துக்கொண்டேன். தூரத்திலிருந்து குத்தலாம்.

வாசலில் காவலாளி திவாரி மறித்தார். பெரிய மீசை. பையைத் திறக்கச் சொன்னார். ஒலியை அளக்கும் கருவி, ஒயர், பேப்பர் கட்டர், ஊக்கு கட்டிய குச்சி, கட்டுக் கட்டாகப் பலூன்.

“யே சப் க்யா ஹை, மேடம்?” இதெல்லாம் என்ன என்று கேட்டார்.

எங்களுக்கு அனுமதி கொடுத்திருந்த பொறியாளரின் போன் அணைந்து கிடந்தது. என் இந்தியை நம்பி இறங்கினேன். ‘சத்தம்’ என்பதற்குச் சாதுவான சொல் ஒன்று இருக்கிறது. அந்த நேரத்தில் அது வரவில்லை.

“ஹால் மே தமாகா கர்னா ஹை” என்றேன். (கூடத்தில் வெடிப்பு நடத்த வேண்டும் என்று பொருள்.) திவாரியின் மீசை உறைந்தது. தெளிவுபடுத்தலாம் என்று, “அகேலே. கோயி நஹி சாஹியே” என்றும் சேர்த்தேன். தனியாக, யாரும் வேண்டாம்.

அவர் கை போனுக்குப் போனது. அப்போது உள்ளேயிருந்து வாளியும் கையுமாக ஒரு பெண்மணி வந்தார். துப்புரவுப் பணியாட்களின் மேற்பார்வையாளர், கலா அக்கா. ஜங்புராவில் தமிழர்கள் வாழும் மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் வீடு. என் முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்.

“என்னாம்மா, தமிழா நீ?”

போனில் இல்லாமல், நேரில் ஒருவர் என்னிடம் தமிழ் பேசி எத்தனையோ வாரம் ஆகியிருந்தது. கண் நிரம்பிவிட்டது. அவமானம் என்றால் அப்படி ஓர் அவமானம். மூக்கும் சேர்ந்து ஒழுகியது.

“அச்சா அச்சா, ஏம்மா அழுவுற? பலூன் எதுக்கு?”

தமிழிலேயே விளக்கியிருக்கலாம். ஆனால் பின்னால் திவாரி எண்களை அமுக்கிக்கொண்டிருந்தார். ஒரே சொல்லில் முடிகிற பதிலாக ஒன்று வாயில் வந்தது.

“பர்த்டே.”

“யாருக்கு?”

“எனக்குத்தான்.”

“தனியாவா?”

“ஆமாக்கா. தனியாத்தான்.”

அக்காவும் திவாரியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். திவாரி போனை வைத்துவிட்டு மிக மென்மையாகக் கதவைத் திறந்துவிட்டார். என் தொழில்முறைத் தோரணை வேலை செய்துவிட்டது என்று நினைத்தேன்.

கூடத்தில் ஏசியை அணைத்தேன். அது ஓடினால் அதன் இரைச்சலும் அளவில் சேர்ந்துவிடும். ஜூன் மாத டெல்லியில் ஏசி இல்லாத கூடத்தில் வாயால் பலூன் ஊதுவது எப்படி இருக்கும் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன். நாலைந்து பலூனுக்குப் பிறகு தலை சுற்றித் தரையில் படுத்துவிட்டேன். அந்தக் கோலத்தில்தான் அக்கா கதவைத் திறந்து பார்த்தார்.

“தண்ணி வேணுமா?”

“வேணாங்க்கா.”

சற்று நேரத்தில் எலெக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, ஒழுங்காக எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார். பிறகு திவாரியே வந்தார். என் பையிலிருந்த பேப்பர் கட்டரைக் காட்டி, தானே வைத்திருப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டார். பாதுகாப்பு விதி போலிருக்கிறது என்று கொடுத்துவிட்டேன். மீண்டும் அக்கா வந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

“அக்கா, தயவுசெஞ்சு என்னத் தனியா விடுங்க. சத்தமே வேணாம். கொஞ்ச நேரந்தான், எல்லாம் முடிஞ்சிரும்.”

அக்கா முகம் வெளுத்தது. சத்தம் கேட்டுப் பயப்படுவார் போல, பாவம், என்று நினைத்துக்கொண்டு கருவியை ஓடவிட்டேன். கண்ணை இறுக மூடி, குச்சியை நீட்டி, முதல் பலூனைக் குத்தினேன்.

டமார்.

அந்தச் சத்தம் அடங்குவதற்குள் கதவு சுவரில் மோதித் திறந்தது. திவாரி முன்னால், அக்கா பின்னால், அவர்களுக்குப் பின்னால் மறுநாள் விழா வேலைக்காக வந்திருந்த காவலாளிகள், கூட்டிப் பெருக்குபவர்கள், கேன்டீன்காரர்கள் என்று ஒரு முப்பது பேர். நான் முழுசாக நிற்பதைப் பார்த்ததும் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள்.

“எங்கள விட்டுட்டு என்ன தனியாக் கொண்டாட்டம்?” என்றார் அக்கா. குரல் நடுங்கியது. கேன்டீன்காரர் கையில் கேக். அதன்மேல் ‘ஹேப்பி பர்த்டே மேடம்’ என்று எழுதியிருந்தது. அங்கே ஒருவருக்கும் என் பெயர் தெரியாது.

அந்த நிமிடமே உண்மையைச் சொல்லி எல்லோரையும் வெளியே அனுப்பியிருக்க வேண்டும். என் வேலை அந்தக் காலிக் கூடத்தில்தான் இருந்தது. ஆனால் பெயர்கூடத் தெரியாத முப்பது பேர் எனக்காகப் பாட ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அவர்களை விட மனமில்லை. கேக்கை வெட்டினேன். அக்கா ஊட்டிவிட்டார். திவாரி மீசையில் க்ரீமோடு பலூன்களை ஒவ்வொன்றாகக் கையாலேயே உடைத்து ஆடினார். ஒரு பலூன்கூட மிஞ்சவில்லை. கருவி ஓடிக்கொண்டே இருந்தது.

கூடத்தில் எதிரொலியே இல்லை. எவ்வளவு நல்ல கூடம் என்று பூரித்துப்போனேன். மனித உடம்பும் உடையும் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும் என்பது எங்கள் பாடத்தின் ஆரம்பப் பக்கத்திலேயே இருக்கிறது. வாய் நிறைய கேக் இருந்ததால் அது ஞாபகத்துக்கு வரவில்லை. சாயங்காலம் கன்னா சார் கேட்டபோது திவாரியின் கடைசி பலூன் காட்டிய அளவைச் சொன்னேன். “ஷாபாஷ்!” என்றார்.

திங்கட்கிழமை காலை மழை கொட்டியது. டெல்லியில் மழை பெய்தால் சாலைகள் ஏரியாகும். விழாவுக்கு முன்வரிசையை நிரப்பும் அளவுக்குத்தான் ஆட்கள் வந்தார்கள். சிறப்பு விருந்தினர், “நமஸ்கார்” என்றார். பின்சுவர் இன்னொரு நமஸ்காரம் சொன்னது. அவர் ஒரு வாக்கியம் பேசினால் போன வாக்கியம் அவருக்குக் குறுக்கே வந்தது. இரண்டு நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, “கோன் போல் ரஹா ஹை?” என்று அதட்டினார். யார் பேசுவது என்று சுவரும் அதே அதட்டலில் திருப்பிக் கேட்டது. வெளியூர்களிலிருந்து வீடியோவில் கலந்துகொண்டவர்கள், இரண்டு பேர் சண்டை போடுவது போலக் கேட்கிறது என்று எழுதியனுப்ப, அது பெரிய திரையில் பளிச்சென்று வந்து நின்றது. திரை மட்டும் அன்று பிரமாதமாக வேலை செய்தது.

மறுநாள் விசாரணை. கன்னா சார், பொறியாளர்கள், ஒப்பந்தக்காரர். எங்கள் அளவு சரிதான் என்று காட்டுவதற்காகக் கன்னா சார் என் பதிவை அந்தக் கூடத்தின் ஸ்பீக்கர்களிலேயே ஓடவிட்டார். டமார். கதவு மோதும் சத்தம். அவசரமாக முன்னால் தள்ளினார். முப்பது குரல்களில், ‘ஹேப்பி பர்த்டே மேடம்!’ திவாரியின் சீழ்க்கை. இன்னும் தள்ளினார். துல்லியமான தெளிவுடன் என் குரல்: “அக்கா, இன்னொரு துண்டு.”

“தும்ஹாரா பர்த்டே தா?” என்று கேட்டார் கன்னா சார். உன் பிறந்தநாளா?

“நோ சார்.”

அவர் பதிவை நிறுத்திவிட்டு எழுந்துபோய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார். பின்சுவரைப் பிரித்துப் பார்த்ததில், பலகைகளுக்குப் பின்னால் சத்தத்தை உறிஞ்சப் பதிக்க வேண்டிய பஞ்சை வைக்காமலேயே மூடியிருந்தது தெரிந்தது. காலிக் கூடத்தில் ஒரே ஒரு பலூனை ஒழுங்காக அளந்திருந்தால் ஞாயிறன்றே தெரிந்திருக்கும். நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது. வேலை போகாமல் இருந்ததே கன்னா சாரின் பெருந்தன்மை.

ஆனால் ஞாயிறு தவறாமல் மதராசி கேம்ப்பில் அக்கா வீட்டில் எனக்கு மீன்குழம்பு கிடைக்க ஆரம்பித்தது. அம்மா போனில் கேட்கும்போது, “கலா அக்கா இருக்காங்கம்மா” என்று பொய்யில்லாமல் சொன்னேன். பிறகு கல்யாணமாகி, மகள் பிறந்து, லோதி ரோடு குவார்ட்டர்ஸுக்கு வந்தோம். ஜூன் கடைசி ஞாயிறானால் அக்கா வாழ்த்துவார். நான் நன்றி சொல்வேன். உண்மையைச் சொல்லும் தைரியம் வரவே இல்லை.

கேம்ப்பை இடித்த பிறகு அக்கா ஊர்க்கோடியில் இருக்கும் நரேலாவுக்குப் போய்விட்டார். அங்கே பக்கத்து வீட்டில் யார் என்றுகூடத் தெரியவில்லை, பேச ஆளில்லை என்று போனில் ஒருநாள் சொன்னார். எனக்கு அந்தக் குரல் நன்றாகத் தெரியும். இந்த வருடம் என் பொய்ப் பிறந்தநாளுக்கு வந்தே ஆக வேண்டும் என்று பிடிவாதமாகக் கூப்பிட்டேன். இரண்டு பஸ் மாறி வந்தார். கேக்கை வெட்டி ஆளுக்கொரு துண்டு கொடுக்கும்போது ஆறு வயது மகள் போட்டு உடைத்தாள்.

“அம்மா பர்த்டே ஃபெப்ருவரில. இது ஜூட்டா பர்த்டே, பொய்!”

அக்கா கேக்கை மென்றுகொண்டே இருந்தார்.

“தெரியும்டி செல்லம். கேட்ல உங்கம்மா முழிச்ச முழியிலயே தெரியும்.”

“அப்புறம் எதுக்குக்கா கேக் எல்லாம் வாங்குனீங்க?” என்று கேட்டேன்.

“பின்ன? கேட்ல நின்னு அழுவுற. தனியா தமாகாங்குற. பையில கத்தி. உள்ள போயிப் பாத்தா தரையில படுத்துக் கெடக்குற, எல்லாம் முடிஞ்சிரும்ங்குற. திவாரி பையா பயந்துட்டாரு. இந்தப் பொண்ண ஒரு நிமிஷம் தனியா விடாதீங்கன்னாரு. ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டு ஜல்தியா கேக்கு வாங்கியாரச் சொன்னோம். நாங்க எடுத்துட்டு வர்றோம், உள்ள டமார்ங்குது. எனக்கு உசுரே இல்ல.”

என் கணவர் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து சரிந்தார். நானும் சிரித்தேன். எதிரொலியை அளக்கத்தான் போனேன் என்று பத்து முறை விளக்கினேன். அக்கா ஒவ்வொரு முறையும், “அச்சா, அச்சா” என்றார். பத்தாவது முறை எனக்கே அழுகை வந்துவிட்டது. அவர்கள் பயந்த மாதிரி எதுவும் என் மனதில் இருக்கவில்லை. ஆனால் அந்த வருடம் யாராவது என்னை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது என்பது நிஜம். அது எனக்குத் தெரியாதபோது திவாரிக்குத் தெரிந்திருக்கிறது.

அன்றிலிருந்து வீட்டில் நான் ஒரு புத்தகத்தோடு பால்கனியில் உட்கார முடிவதில்லை. ஐந்தாவது நிமிடம் மகள் கதவைத் திறந்து, “அகேலே?” என்பாள். அப்பாவை இழுத்து வருவாள். சில ஞாயிறுகளில் கலா அக்காவும் கூட வந்து நிற்பார். மூவருமாக ‘ஹேப்பி பர்த்டே மேடம்’ பாட ஆரம்பிப்பார்கள். கோபப்படுவது போல நடிக்கிறேன். என்னைத் தனியாக விடுங்கள் என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை.